போக இரண்டு மணி, திரும்ப ஆறு மணி

செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் பகல் பன்னிரண்டு இருபதுக்கு டப்ளின் விமானம் சோஃபியாவை விட்டுக் கிளம்பும். அந்த நேரத்தில் வெல்கோ கராஜோவ் தம் ஆறாம் மாடி பால்கனியில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். மழை பெய்தாலும் ஊற்றுவார். பனிக்காலத்தில் செடி பட்டுப்போன பிறகு வெறும் தொட்டியைத் துணியால் துடைப்பார். விமான நிலையத்தை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் ஒரு நாளைக்கு நூறு விமானம் ஏறி இறங்கும். மற்றவற்றுக்கு அவர் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. அது ஒன்று மட்டும் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து எழுந்து, மேற்கே திரும்பி, மலைக்கு வலப்பக்கம் மேகத்தில் மறையும் வரை பார்ப்பார். பிறகு குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே இறங்குவார்.

கீழே லிண்டன் மரத்தடி பெஞ்சில் லாசர் பகடைப் பலகையை விரித்துக் காத்திருப்பான். முப்பது வருடம் டிராம் ஓட்டியவன். ஊரை விட்டு வெளியே போகாதவன். ஆனால் உலகத்தில் அவனுக்குத் தெரியாத தூரம் கிடையாது.

"என்ன அண்ணே, போயிட்டாளா உங்க ஆளு?"

"பகடைய உருட்டு."

"ரெண்டு இருபதுக்கு எறங்கிடுமாம். கடையில பையன்கிட்ட போன்ல பாக்கச் சொன்னேன். பன்னெண்டு இருபது, ரெண்டு இருபது. சுளையா ரெண்டு மணி நேரம். நான் அஞ்சாம் நம்பர் டிராம ரெண்டு நடை அடிக்கிற நேரம். நீங்க என்னடான்னா ஏழு வருஷமா செடிக்குத் தண்ணி ஊத்துறீங்க."

"நாலு மணி நேரம்," என்றார் வெல்கோ. "அங்க கடிகாரம் ரெண்டு மணி பின்னாடி. அதான் ரெண்டுன்னு தெரியுது."

"அப்ப திரும்பி வர்றதுக்கு ஆறுன்னு போட்டிருக்கானே?"

"அதுவும் நாலுதான். கடிகாரம் பொய் சொல்லும். தூரம் சொல்லாது. நேர் கோட்டுல ரெண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டர். ரோட்டுல மூவாயிரத்துக்கு மேல, நடுவுல ரெண்டு தடவ கப்பல்ல ஏத்தணும். லாரியில போனா அஞ்சு நாள்."

"கேட்டா மட்டும் அஞ்சு நாளு, கப்பலுன்னு அக்குவேறா ஆணிவேறா சொல்றீங்க. ஒரு தடவ போய்த்தான் பாருங்களேன்."

"கூப்பிடாத வீட்டுக்குக் கராஜோவ் போனதில்ல. உருட்டு."

அதற்கு மேல் லாசர் பேசமாட்டான். வெல்கோவின் கழுத்து நிமிர்ந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அந்தக் குடியிருப்பில் பூனைக்குக்கூடத் தெரியும்.

இருபத்தாறு வருடம் அவர் வெளிநாட்டு லாரி ஓட்டினார். வியன்னா, ஹாம்பர்க், ராட்டர்டாம். தக்காளி, குடைமிளகாய், ரோஜா எண்ணெய் எல்லாம் இங்கிருந்து போகும்; இயந்திரங்கள் அங்கிருந்து வரும். எத்தனையோ எல்லைகளைத் தாண்டிய அந்த லாரியில் முத்திரை உடைந்ததாக ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. திருமணமாகி வந்தபோது அவர் மனைவி ஸ்தானா சொன்னது: "இந்த வீட்டுல உப்புகூட நிமிர்ந்துதான் நிக்கும்." ஸ்தானா ஒன்பது வருடம் முன்பு இறந்துபோனாள். அவள் இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திருக்காது. வீட்டில் ஆளுக்கு ஆள் பேசவேண்டியதை எல்லாம் அவள்தான் இரு பக்கமும் சுமந்துபோய்ச் சேர்ப்பாள்.

மகள் ரலித்சா ஒரே பெண். படிக்கப் போன இடத்தில் டோனல் என்ற ஐரிஷ்காரனைப் பிடித்துப்போயிற்று. வெல்கோ எதிர்க்கவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்: "நம்ம வீட்டுப் பொண்ணு தானா போனான்னு பேரு வரக்கூடாது. அவன் இங்க வரணும். என் மேசையில உக்காந்து கேக்கணும்."

டோனல் வந்தான். அத்தனை தூரமும் பறந்து வந்தான். செம்பட்டை முடி, இஸ்திரி போட்ட சட்டை, கையில் பூங்கொத்து. பெண் கேட்கிற நேரத்தில் பெண் அறையில் இருக்கக் கூடாது என்பது கராஜோவ் வீட்டு வழக்கம். ரலித்சா கீழே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சமையலறையில் மேசைக்கு இந்தப் பக்கம் வெல்கோ, அந்தப் பக்கம் டோனல். ரலித்சா சொல்லிக்கொடுத்து மனப்பாடம் பண்ணிய வாக்கியத்தை அவன் தடுமாறித் தடுமாறிச் சொன்னான். உங்கள் பெண்ணை எனக்குக் கொடுப்பீர்களா.

அந்த மாதிரிக் கேள்விக்குத் தகப்பன் வாயால் பதில் சொல்வதில்லை. தலையசைத்துவிட்டு ரக்கியாவை ஊற்றுவான். மாப்பிள்ளை அந்தப் பிளம் பழச் சாராயத்தைக் குடித்தால் சம்பந்தம் முடிந்தது. வெல்கோவும் மூன்று முறை தலையசைத்தார். எழுந்து அலமாரியைத் திறந்தார். தம் அப்பா காய்ச்சி வைத்துவிட்டுப் போன புட்டியை எடுத்தார். நல்ல கண்ணாடிக் கோப்பைகள் இரண்டைத் தேடித் துடைத்து, விளிம்புவரை ஊற்றித் திரும்பினார்.

நாற்காலி காலியாக இருந்தது. பூங்கொத்து மேசையில் கிடந்தது. வாசற்கதவு திறந்திருந்தது.

ஊற்றிய ரக்கியாவைக் குடிக்காமல் எழுந்து போனவன். அதைவிட ஒரு வீட்டை எப்படி அவமதிப்பது என்று வெல்கோவுக்குத் தெரியவில்லை. அரை மணி கழித்து ரலித்சா மேலே வந்தாள். கண் சிவந்திருந்தது. பெட்டியை எடுத்தாள்.

"உங்க பதில் தெரிஞ்சுபோச்சு, அப்பா."

"தெரிஞ்சா சரி."

"நாங்க கெளம்புறோம்."

"அவனுக்கு அவ்வளவு அவசரம்னா போங்க."

அவ்வளவுதான். அப்பனும் மகளும் ஒரே மரத்தில் வெட்டிய பலகை. டப்ளினில் கல்யாணம் நடந்தது. படம் வந்தது, அழைப்பு வரவில்லை. இரண்டு கோப்பை ரக்கியாவையும் அவர் சிந்தாமல் புட்டியிலேயே திருப்பி ஊற்றி, தக்கையை அடைத்து, மேலே மெழுகு உருக்கி மூடிவைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ரக்கியா குடிக்கப்படவில்லை.

சமையலறைச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அது எப்போதும் இரண்டு மணி நேரம் பிந்தி ஓடியது. "ரிப்பேருக்குக் குடுங்கண்ணே" என்று லாசர் பலமுறை சொல்லியாயிற்று. "குடுக்கணும்" என்பார் வெல்கோ. காலையில் எழுந்து காபி போடும்போது அதை ஒரு பார்வை பார்ப்பார். அங்கே இன்னும் விடியவில்லை, தூங்கிக்கொண்டிருப்பாள். மத்தியானம் ஒரு பார்வை. வேலைக்குப் போயிருப்பாள். பேத்தி பிறந்த பிறகு பார்வைகள் கூடின. இப்போது பள்ளிக்கூடம் விட்டிருக்கும். இப்போது மழையில் நனைந்துகொண்டு வருவாள், அந்த ஊரில் எப்போதும் மழைதானாம்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு ரலித்சா போனில் முகம் காட்டிப் பேசுவாள். அவள்தான் கூப்பிடுவாள், அவர் கூப்பிட்டதில்லை. உடம்பு, மருந்து, வானிலை. பேத்தி ஓர்லா பாட்டுப் பாடுவாள், பல் விழுந்ததைக் காட்டுவாள். டோனல் ஒரு நாளும் திரையில் வந்ததில்லை. சில சமயம் ஒரு முழங்கை கடந்து போகும். அதைக் கண்டதும் வெல்கோவின் கழுத்து நிமிரும்.

அந்த ஏப்ரல் ஞாயிறு ரலித்சா அடுப்பில் ஏதோ வைத்திருந்தாள். போனை ஓர்லாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். ஐந்து வயதுப் பெண் போனை மூக்கருகே வைத்துக்கொண்டு பேசியதில் பாதி நேரம் புருவம் மட்டும்தான் தெரிந்தது.

"தாத்தா, எனக்கு ஆறு வயசு ஆகப் போது."

"தெரியுமே. மே பதினொண்ணு."

"கேக் இருக்கு. குதிரை கேக். எல்லாரும் வருவாங்க. மேவ் வருவா, அவ நாய் வரும்." குழந்தை கொஞ்சம் யோசித்தாள். "தாத்தா, நீ வருவியா?"

ஏழு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. வெல்கோ நிமிர்ந்து உட்கார்ந்தார். குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் தலையசைத்தார். மேலும் கீழும், மூன்று முறை.

ஓர்லாவின் கீழுதடு துருத்திக்கொண்டு வந்தது. அவள் திரும்பி உள்ளே பார்த்துக் கத்தினாள்:

"அம்மா, தாத்தா வரமாட்டாராம்."

"ஏய், நான் எங்க அப்பிடி சொன்னேன்?" என்றார் வெல்கோ.

ரலித்சா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினாள். முகத்தில் கோபம் இல்லை, பழகிப்போன ஒரு களைப்பு இருந்தது.

"விடுடா கண்ணு. தாத்தா தலை அப்பிடித்தான் ஆடும். உங்கப்பா கேட்டப்பவும் இதே ஆட்டுதான்."

"எப்ப கேட்டப்ப?"

"பழச எதுக்குப்பா கிளறணும்."

"எப்ப கேட்டப்பன்னு கேட்டேன், ரலித்சா."

"பொண்ணு கேக்க வந்தப்ப." அவள் குரலைத் தணித்தாள். "மூணு தடவ மேலயும் கீழயும் ஆட்டிட்டு, எந்திரிச்சு முதுகக் காட்டிட்டு நின்னீங்களாம். கீழ வந்து என்கிட்ட சொன்னாரு. நான்தான் விமானத்துலயே சொல்லிக்குடுத்திருந்தேன், எங்க ஊர்ல குறுக்க ஆட்டினா ஆமா, மேல கீழ ஆட்டினா கெடையாதுன்னு. உங்க ஊர் மாதிரி நெனச்சு ஏமாந்துடாதேன்னு. ஓர்லாவுக்கும் அதத்தான் சொல்லிவச்சிருக்கேன். சொல்லாம விட்டிருந்தா அந்த மனுஷன் ஆமான்னு நெனச்சு சந்தோஷமா உக்காந்திருப்பாரு."

அடுப்பில் ஏதோ பொங்கிற்று. அவள் திரும்பவில்லை, ஏனென்றால் திரையில் அப்பாவின் முகம் அவள் பார்த்திராத மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

"நான் அவன் ஊர் ஆட்டு ஆட்டினேன்," என்றார் வெல்கோ.

"என்னது?"

"வெளிநாட்டுக்காரனாச்சே, நம்ம ஆட்டு அவனுக்குப் புரியாதேன்னு. எல்லைச் சாவடியில இருபத்தாறு வருஷம் ஆட்டின ஆட்டு அது. சிகரெட் இருக்கான்னு கேட்டா, இருந்தா மேல கீழ, இல்லன்னா குறுக்க. வெளியாளக் கண்டா என் தலை தானா மாறிக்கும்." அவர் நிறுத்தினார். "நான் ஆமான்னு சொன்னேன்டி."

ரலித்சா வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"முதுகக் காட்டல. அலமாரியத் தொறந்தேன். ரக்கியா எடுக்க."

இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு நடுவில் ஓர்லாவின் குரல் மட்டும் கேட்டது. "அப்ப தாத்தா வராரா, வரலியா?"

"நான் அப்புறம் பேசுறேன்," என்று சொல்லி வெல்கோ போனை வைத்தார்.

அவர் எழுந்து மேசையைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஏழு வருடமாக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து அலமாரியைப் பார்த்தார். அலமாரியின் முன்னால் ஓர் ஆள் நின்றால் என்ன தெரியும் என்று நினைத்துப் பார்த்தார். புட்டி தெரியாது. கோப்பை தெரியாது. துடைக்கிற துணி தெரியாது. அகலமான ஒரு முதுகு தெரியும், அவ்வளவுதான்.

அவன் எனக்காக என் ஊர் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு வந்தான். நான் அவனுக்காக அவன் ஊர் வழக்கத்துக்கு மாறிக்கொண்டேன். அவன் என் வீட்டுக்கு வந்த நேரத்தில் நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன்; இரண்டு வீட்டிலும் ஆளில்லை.

அது மரியாதையால் வந்த வினை என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம்தான். அவர் அப்படித் தேற்றிக்கொள்ளவில்லை. தலை தவறியது ஒரு நொடி. மாடிப்படியில் இறங்கிப்போய் "ஏம்ப்பா எந்திரிச்சு வந்துட்ட" என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தது ஏழு வருடம். அந்த ஏழு வருடத்தைத்தான் குடும்ப மானம் என்று மெழுகு வைத்து மூடியிருந்தார். மானம் பெரியதுதான். அதை இப்போதும் அவர் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை. ஆனால் மானமுள்ளவன் தன் தவற்றுக்குத் தானே நடப்பான்.

சுவர்க் கடிகாரம் நான்கு காட்டியபோது அவர் போனை எடுத்தார். இந்த முறை அவர் கூப்பிட்டார். ரலித்சாவின் முகம் வீங்கியிருந்தது. அவள் பின்னால் செம்பட்டை முடியுடன் ஒருவன் நின்றான். முடி கொஞ்சம் கொட்டியிருந்தது.

"அவர் வர்றேங்கறாருப்பா," என்றாள் ரலித்சா. "செவ்வாய்க்கெழம விமானத்துல வந்து, மறுபடியும் முறையா உங்க மேசையில உக்காந்து கேக்கறேங்கறாரு."

"அவன் ஒரு தடவ வந்துட்டான். தலை என்னோடது. தப்பு என் தலையில. அப்ப தூரமும் என் தலையில." பிறகு மெதுவாக, "அந்தச் சின்னக் கழுதைகிட்ட சொல்லு, குதிரை கேக்குல தாத்தாவுக்கு ஒரு காது வேணுமாம்."

மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்து பகடையை உருட்டாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "விமானத்துக்கு டிக்கெட் எங்கடா வாங்கறது?"

லாசர் அவரை மேலும் கீழும் பார்த்தான். "யாரு கூப்பிட்டா?"

"கூப்பிட வேண்டியவங்க கூப்பிட்டாங்க."

"ஆமா, விமானத்துல ஏறினா முன்னாடி போய் ஸ்டியரிங்கப் பிடிச்சிராதீங்க. அங்க ஏற்கெனவே ஆளு இருப்பான்."

"மிளகாச் செடிக்குத் தண்ணி ஊத்து. செவ்வாய், சனி."

"மழ பேஞ்சா?"

"பேஞ்சாலும்."

மே மாதம் ஒன்பதாம் தேதி, ஒரு செவ்வாய்க்கிழமை, வெல்கோ கராஜோவ் முதல்முறையாக விமானத்தில் ஏறினார். மெழுகு வைத்த புட்டி, மூன்று ஸ்வெட்டருக்கு நடுவில் சுருட்டிப் பெட்டியில் போயிற்று. ஜன்னலோரம் இடம். விமானம் எழும்பித் திரும்பியபோது குடியிருப்பு தெரிந்தது. எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி இருந்தன. ஆறாம் மாடி பால்கனிகளில் எது தம்முடையது என்று தேடினார், கிடைக்கவில்லை. இங்கிருந்து பார்த்தால் அங்கே நிற்பவன் தெரிவதே இல்லை என்பது அவருக்குப் புதிதாக இருந்தது.

கீழே மேகம் விலகிய இடங்களில் தாம் ஓட்டிய சாலைகளைத் தேடினார். டான்யூப் நதி மட்டும் அடையாளம் தெரிந்தது. பெல்கிரேடுக்கு ஒரு நாள், வியன்னாவுக்கு இரண்டாம் நாள் என்று இருந்ததெல்லாம் ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் கடந்துபோயின. தேநீர்கூடக் கிடைக்கவில்லை. பணிப்பெண் வந்து வேண்டுமா என்று கேட்டாள்; அவர் குறுக்கே தலையாட்டினார்; அவள் புன்னகையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

டப்ளினில் இறங்கியபோது அவர் கைக்கடிகாரம் நாலரை காட்டியது. வெளியே வரும் வழியில் பெரிய கடிகாரம் இரண்டரை காட்டியது. சமையலறைச் சுவரிலும் இப்போது இரண்டரைதான் ஆகியிருக்கும்.

தடுப்புக் கம்பிக்கு அப்பால் மூவரும் நின்றார்கள். ரலித்சாவின் தலையில் நரை விழுந்திருந்தது. போனில் அது தெரிந்ததில்லை. ஓர்லா கம்பிக்குக் கீழே புகுந்து ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் தலை தம் இடுப்பு உயரம் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. திரையில் எல்லாரும் ஒரே உயரம்.

டோனல் முன்னால் வந்தான். அதே மாதிரி இஸ்திரி போட்ட சட்டை. ரலித்சா வழக்கப்படி இரண்டு அடி தள்ளிப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவன் தொண்டையைக் கனைத்தான். அதே வாக்கியம். ஏழு வருடத்தில் உச்சரிப்பு கொஞ்சமும் தேறவில்லை.

"உங்க... பொண்ண... எனக்குக் குடுப்பீங்களா?"

வெல்கோவின் கழுத்து நரம்பு இழுத்தது. எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தலைக்குத் தெரியவில்லை. அவர் அதை அசையாமல் பிடித்து நிறுத்தினார். வாழ்நாளெல்லாம் நிமிர்ந்து நின்ற அந்தக் கழுத்து அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. பிறகு, அந்த வீட்டு வழக்கத்தில் இல்லாதபடி, வாயைத் திறந்து சொன்னார்.

"குடுத்துட்டேன்ப்பா. அப்பவே குடுத்துட்டேன்."

திரும்பி நின்ற ரலித்சாவின் தோள் குலுங்கியது.

வீட்டுக்குப் போனதும் மெழுகை உடைத்தார்கள். டோனல் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணில் நீர் வர இருமினான். நன்றாக இருக்கிறதா என்று வெல்கோ கேட்டார். அவன் மேலும் கீழும் ஆட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, குறுக்கே ஆட்டி, அதையும் நிறுத்தினான்.

"வாயால சொல்லு, மாப்பிள்ள," என்றார் வெல்கோ.

பதினோரு நாள் இருந்தார். குதிரை கேக்கில் ஒரு காது சாப்பிட்டார். ஓர்லாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, மழையில் திரும்பக் கூட்டிவந்தார். ரலித்சாவோடு அதிகம் பேசவில்லை. அவள் உருளைக்கிழங்கு உரிக்கும்போது எதிரே உட்கார்ந்து தாமும் உரித்தார். ஏழு வருடத்தை எப்படி எந்தப் பக்கம் திருப்பினாலும் அது ஏழு வருடமாகவே இருந்தது. டோனல் அடுத்த வசந்தத்தில் எல்லாரும் சோஃபியாவுக்கு வருவதாகச் சொன்னான். வாயால் சொன்னான்.

கடைசி நாளுக்கு முந்தின மாலை ஓர்லா அவர் மடியில் உட்கார்ந்து பயணச்சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் விரல்விட்டு எண்ணினாள்.

"தாத்தா, வரும்போது ரெண்டு மணி நேரம்னு அம்மா சொன்னா. போறதுக்கு ஏன் ஆறு மணி நேரம்?"

ரலித்சா கத்தியை நிறுத்தினாள். அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். கடிகாரம், தூரம், நேர் கோடு, நான்கு.

வெல்கோ சீட்டை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"ஆறுதான் ஆகும்," என்றார். "சரியாத்தான் போட்டிருக்கான்."